மடங்கலும் மடக்கலும்: திருத்தணிப் படிவழியை முன்வைத்து உடல்நிலை, மூட்டசைவுக் கலைச்சொற்கள்

முன்னுரை

உடற்கூற்றியலைத் தமிழில் கற்பிக்க முற்படுவோர் உறுப்புப் பெயர்களில் பெரிதும் இடர்ப்படுவதில்லை. தொடை, கணைக்கால், முழந்தாள், விலா, தோள்பட்டை, மணிக்கட்டு என வழக்கிலேயே வளமான பெயர்கள் உள்ளன. அவ்வுறுப்புகள் அசையும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. ஒரே அசைவிற்கு மூன்று சொற்களும், மூன்று அசைவுகளுக்கு ஒரே சொல்லும் கலைச்சொல் பட்டியல்களில் இடம்பெறுகின்றன. பெயரைப் பிறமொழியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம்; வினையை அவ்வாறு பெறுவது எளிதன்று. வினை ஒரு மொழியின் இலக்கணத்தோடு பிணைந்து கிடப்பது.

உடல்நிலைகளையும் மூட்டசைவுகளையும் குறிக்கும் அடிப்படைச் சொற்களை இக்கட்டுரை விளக்குகிறது. விளக்கத்திற்குக் களமாகத் திருத்தணி மலைக்கோயிலின் படிவழி கொள்ளப்படுகிறது. அங்கு அடியவர் 365 படிகள் ஏறுகின்றனர், இறங்குகின்றனர், கைகுவிக்கின்றனர், நிலத்தில் வீழ்ந்து வணங்குகின்றனர், உருண்டு வலம்வருகின்றனர். ஆடிக்கிருத்திகையில் காவடி தோளேறுகிறது. உடலின் பெருமூட்டுகள் யாவும் தம் பெரும்பாலான அசைவுகளை நிகழ்த்திக்காட்டும் இடம் அது. மற்றொரு பொருத்தமும் உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் அவ்வூரில், கலைச்சொல் தனித்தமிழில் அமைதல் வேண்டுமா, இருமொழிக்கும் பொதுவான வடசொல்லில் அமைதல் வேண்டுமா என்னும் வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

முன்னோர் முயற்சி

மேலை மருத்துவத்தைத் தமிழில் பாடமாக்கிய முதற்பெரும் முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணாக்கரைத் தமிழ்வழி பயிற்றினார். இவர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே ஆறுமுக நாவலரும் பிறந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒரே காலத்தில், ஒரே சிறு தீவகத்தில், ஒருவர் தமிழ் உரைநடையைச் சமயக் கல்விக்கும் மற்றவர் மருத்துவக் கல்விக்கும் பதப்படுத்தினர். கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவி ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ ஆகியன அம்முயற்சியின் பிற பயன்கள். வழக்கிலிருந்த சொல், வடசொல், எழுத்துப்பெயர்ப்பு என மூவகையையும் அவர் கையாண்டமை இத்தலைப்புகளிலேயே புலனாகும்.

சென்னை மாகாணத்தில் இவ்வினா அரசியல் வினாவாகவே மாறியது. 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைந்த கலைச்சொற் குழு, மாகாண மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வடசொற்களைப் பரிந்துரைக்கும் போக்கினைக் கொண்டிருந்ததெனத் தமிழறிஞர் எதிர்த்தனர். மூட்டசைவைப் பொறுத்தவரை வடமொழியில் ஆயத்தமான சொற்கள் இருந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. வைசேடிக தரிசனம் கருமத்தை ஐந்தாகப் பகுக்கிறது: மேலெறிதல், கீழெறிதல், ஆகுஞ்சனம், பிரசாரணம், கமனம். இவற்றுள் ஆகுஞ்சனம், பிரசாரணம் என்பன சுருங்கலையும் விரிதலையும் குறிப்பன. இன்றைய இந்தி உடற்கூற்றியலும் இவ்விணையையே கையாளுகிறது. எல்லையோர மருத்துவர் ஒருவர்க்கு இது வாய்ப்பாகவே தோன்றும். எனினும் அச்சொற்களால் தமிழில் ஒரு வேற்றுமையைக் காட்ட இயலாது. அவ்வேற்றுமை கீழே படியிறங்கும்போது வெளிப்படும்.

நிலைச்சட்டம்

அசைவை அளக்க ஒரு தொடக்கநிலை வேண்டும். உடற்கூற்றியலில் அது பின்வருமாறு கொள்ளப்படும்: உடல் நிமிர்ந்து நிற்கிறது, முகமும் நோக்கும் முன்னோக்கியுள்ளன, கால்கள் இணைந்துள்ளன, கைகள் பக்கங்களில் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்னோக்கியும் கட்டைவிரல்கள் புறம்நோக்கியும் உள்ளன. இதனை உடற்கூற்று நிலை என்கிறோம். இயல்பாக நிற்பவர் எவரும் உள்ளங்கையை முன்காட்டி நிற்பதில்லை. அவ்வாறு நிறுத்தக் காரணம் உண்டு: அந்நிலையில்தான் முன்கையின் இரு எலும்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இணையாக நிற்கின்றன.

வலம், இடம் என்பன நோக்குவோனுக்குரியன அல்ல; நோக்கப்படும் உடலுக்குரியன. முதலாண்டு மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவது வழக்கம். கோயிற் படிமங்களை விவரிக்கும் மரபில் பழகியவர் தடுமாறுவதில்லை. இறைவனின் வலக்கை என்றால் நம் இடப்பக்கம் தோன்றும் கையே அது என்பதைச் சிற்பநூல் அறிந்தோர்க்குச் சொல்லவேண்டியதில்லை. நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் என்னும் மும்மைப் பகுப்பும் அம்மரபு தந்ததே.

முன், பின், மேல், கீழ் என்னும் திசைச்சொற்களில் சிக்கல் இல்லை. உறுப்பு உடலோடு பொருந்தும் இடத்திற்கு அருகிலுள்ளதை அண்மை என்றும், விலகியுள்ளதை சேய்மை என்றும் வழங்கலாம். சுட்டிலக்கணத்தில் நாம் பழகிய இணை அது. முழங்கையை நோக்க மணிக்கட்டு சேய்மையிலும் தோள் அண்மையிலும் உள்ளன. உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கத்தை ‘உள்’ என்றும் விலகிய பக்கத்தை ‘வெளி’ என்றும் சிலர் எழுதுவதே குழப்பம் விளைப்பது. உள், வெளி என்பன ஆழத்தைக் குறிக்கத் தேவைப்படும் சொற்கள். ஆதலின் நடுப்புறம், பக்கப்புறம் என வேறாகக் கொள்வதே தக்கது.

கவிழ்தலும் மலர்தலும்

கிடத்தலில் தமிழ் வளமானது. குப்புறக் கிடத்தல், மல்லாந்து கிடத்தல், ஒருக்களித்துக் கிடத்தல் என்பன எவர்க்கும் விளங்கும். கோயிலில் ஆடவர் செய்யும் எட்டுறுப்பு வணக்கம் குப்புறக் கிடந்த நிலை. இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்திருக்கும். மகளிர் செய்யும் ஐந்துறுப்பு வணக்கத்தில் தலை, இரு கை, இரு முழந்தாள் ஆகியன நிலந்தோயும். இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும். சைவ மரபு எட்டுறுப்பினைத் தலை, இரு கை, இரு செவி, மோவாய், இரு புயம் என எண்ணுகிறது. மோவாய் தோயக் கழுத்து அண்ணாத்தல் வேண்டும். செவிகள் தோயக் கழுத்து முதலில் ஒருபுறமும் பின் மறுபுறமும் சுழலுதல் வேண்டும். வணக்க விதியொன்று கழுத்தின் இருவேறு அசைவுகளைப் பிரித்து வைத்திருப்பது காண்க.

இலத்தீனில் மல்லாந்து கிடத்தலையும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பலையும் ஒரே வேர்ச்சொல் குறிக்கும்; குப்புறக் கிடத்தலுக்கும் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பலுக்கும் அவ்வாறே. தமிழிலும் இவ்விணை இயல்பாகவே அமைந்துள்ளது. கவிழ்தல், கவிழ்த்தல்; மலர்தல், மலர்த்தல். திருநீறு பெறுவோர் முழங்கையை மடக்கி உள்ளங்கையை மலர்த்துகின்றனர். கற்பூரச் சுடரை ஒற்றிக்கொள்வோர் முதலில் கையைக் கவிழ்த்துச் சுடர்மேல் காட்டி, பின்னர் முகத்தை நோக்கித் திருப்புகின்றனர். கவிழ்க்கும்போது ஆர எலும்பு அல்முனை எலும்பின்மீது குறுக்காகச் செல்லும். மலர்த்தும்போது இரண்டும் மீண்டும் இணையாகும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டே இதனைச் சோதித்தல் வேண்டும். இல்லையேல் தோள் சுழன்று, முன்கையின் குறையை மறைத்துவிடும்.

படி ஏறுதல்

மூட்டின் இருபுறத்து எலும்புகளுக்கு இடைப்பட்ட கோணம் குறைதல் மடங்கல். அக்கோணம் மீண்டும் விரிதல் அதன் எதிர்வினை. ஒரு படியில் காலெடுத்து வைக்கும்போது இடுப்பும் முழங்காலும் மடங்குகின்றன. கணுக்காலில் புறங்கால் மேல்நோக்கி வளைகிறது. முழங்கால் மடங்கல் 90 பாகையை ஒட்டி அமையும். குந்தி அமர்வதற்கோ 120 பாகைக்கும் மேல் வேண்டும். ஆதலின் மூட்டழற்சியுற்ற முதியவர் படியேற இயன்றும், தோப்புக்கரணம் இடவோ குந்தவோ இயலாதிருக்கலாம்.

முழங்கை முன்னோக்கி மடங்க, முழங்கால் மட்டும் ஏன் பின்னோக்கி மடங்குகிறது? கருவளர்ச்சியில் கைமொட்டும் கால்மொட்டும் ஒருபோலத் தோன்றிப் பின்னர் எதிரெதிர்த் திசைகளில் ஏறத்தாழக் கால்வட்டம் சுழல்வதே இதற்குக் காரணம். முழங்கை பின்னோக்கியும் முழந்தாள் முன்னோக்கியும் நிற்பது அச்சுழற்சியின் விளைவு. ஆகவே திசையைக் கொண்டு மடங்கலை வரையறுத்தல் ஆகாது.

மடங்கலின் எதிர்ச்சொல் யாது? ‘நீட்டல்’ என்பதே பலரும் கையாளும் விடை. அது பிழைக்கு இடந்தருவது என்பது இக்கட்டுரையின் கருத்து. நோயாளியிடம் ‘கையை நீட்டுங்கள்’ என்று கூறுக. அவர் கையை முன்னே கொணர்வார். முழங்கை நிமிரும், ஆனால் தோள்மூட்டிலோ மடங்கல் நிகழும். ‘காலை நீட்டி உட்காருங்கள்’ எனில், முழங்கால் நிமிர்ந்திருக்க இடுப்பு மடங்கியிருக்கும். நீட்டல் என்பது ஓர் உறுப்பு முழுமையும் வெளிநோக்கிச் செல்லும் செயல். தனியொரு மூட்டின் அசைவன்று. மேலும், நீளுதல் தசைக்குரிய வினையாகவும் தேவைப்படுகிறது. மூட்டு நீள்வதில்லை, தசையே நீளும். எனவே மூட்டுக்கு நிமிர்தல் என்பதே பொருந்தும். முதுகு நிமிர்கிறது, கழுத்து நிமிர்கிறது, மடங்கிய முழங்கால் நிமிர்கிறது என்பன எந்தச் சிற்றூரிலும் விளக்கமின்றிப் புரியும். இயல்பைக் கடந்த கழுத்து நிமிர்தலுக்கு ‘அண்ணாத்தல்’ எனத் தனிச்சொல்லும் உண்டு.

தோள்மூட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டும். கையை முன்னால் தூக்குதலைத் ‘தோள் மடங்கல்’ என்பது வரையறைக்குப் பொருந்தினும் செவிக்கு ஒவ்வாது. முன்னெழல், பின்னெழல் என அங்கு வழங்கலாம். தலைக்குமேல் கைகுவித்தல் முன்னெழலின் எல்லை. ஏறத்தாழ 180 பாகை எட்டும் அவ்வசைவில் தோள்மூட்டோடு தோள்பட்டை எலும்பும் சுழன்று பங்குகொள்கிறது.

படி இறங்குதல்

இனித் தலைப்பிற்கு வருவோம். தமிழில் மெல்லொற்று வல்லொற்றாகித் தன்வினை பிறவினையாதல் இலக்கண மாணவர் அறிந்தது: மடங்கு, மடக்கு, திரும்பு, திருப்பு. நிமிர், நிமிர்த்து, சுழல், சுழற்று, தாழ், தாழ்த்து என விகுதி பெற்றும் அது அமையும். கலைச்சொல் பட்டியல்கள் இவ்விணைகளைக் கருதாமல் மடக்கல், மடங்கல் இரண்டையும் ஒன்றாகவே பதிவுசெய்கின்றன. உடலியக்கத்தில் இவை வேறானவை. மூட்டு மடங்குகிறது; தசை மடக்குகிறது.

ஏறும்போது இவ்வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. மேற்படியில் வைத்த காலின் முழங்கால் நிமிர்ந்து உடலை உயர்த்துகிறது; அதனை நிமிர்த்துவது தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை. மூட்டின் அசைவும் தசையின் பெயரும் ஒத்திருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும்போது நிகழ்வது வேறு. கீழ்ப்படிக்கு ஒரு கால் செல்ல, மேற்படியில் ஊன்றிய காலின் முழங்கால் மெல்ல மடங்குகிறது. அதனை மடக்கும் தசை எது என்று வினவினால், மாணவர் பலர் தொடையின் பின்புறத் தசைகளையே கூறுவர். அது தவறு. முழங்காலை மடங்கச் செய்வது உடலின் எடை. தொடை முன்தசையோ, எடை திடுமென வீழாதவாறு இழுத்துப் பிடித்துக்கொண்டே சிறிது சிறிதாக நீள்கிறது. கிணற்றில் வாளியை இறக்குவோன் கயிற்றை இறுகப் பற்றியவாறே விட்டுக்கொடுப்பது போன்றது அது. மூட்டு மடங்குகிறது, உழைப்பதோ நிமிர்த்தும் தசை.

‘முழங்கால் மடக்கல்’ என ஒரே சொல்லால் இதனை எழுதிவிட்டால், உழைக்கும் தசை எதுவென்பது மறைந்துபோகிறது. தன்வினையால் மூட்டின் அசைவையும் பிறவினையால் தசையின் தொழிலையும் குறித்தால் குழப்பம் எழுவதற்கே இடமில்லை. ஆகுஞ்சனம் என்னும் பொதுச்சொல்லால் இது இயலாது. ஆங்கிலச் சொல்லாலும் இயலாது. மலையேறிய மறுநாள் தொடையின் முன்புறம் வலிப்பதற்கு ஏறியதைவிட இறங்கியதே பெருங்காரணம் ஆகலாம். சுருங்கிக்கொண்டே உழைக்கும் தசையினும் நீண்டுகொண்டே உழைக்கும் தசையிழைகளில் நுண்சிதைவு மிகுதி.

மருத்துவச் சோதனையிலும் இவ்விணை பயன்படும். நோயாளி தாமே அசைக்கும்போது எட்டும் அளவும், சோதிப்பவர் அசைக்கும்போது எட்டும் அளவும் தனித்தனியே பதியப்படுகின்றன. ‘தானே மடங்கியது 60 பாகை, பிறர் மடக்கியது 110 பாகை’ என்னும் குறிப்பைப் படிப்பவர், மூட்டு தடைபடவில்லை, தசையோ நரம்போ தளர்ந்துள்ளது அல்லது வலி தடுக்கிறது என உடனே ஊகிப்பார்.

அகட்டலும் அகற்றலும்

கையோ காலோ நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகுதலும் மீண்டும் நெருங்குதலும் அடுத்த இணை. இவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் ஓரெழுத்தால் மட்டும் வேறுபடுவதால், மருத்துவர்கள் அவற்றை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒலித்துக்கொள்வது வழக்கம். தமிழில் ‘அகற்றல்’ எனப் பெயர்த்தால் அதனினும் பெரிய இடர் நேரும். அறுவையியலில் அகற்றல் என்பது வெட்டி நீக்கல். ‘வலக்கால் அகற்றல்’ என்னும் குறிப்பு உடற்பயிற்சி அட்டையில் ஒரு பொருளும் ஒப்புதல் படிவத்தில் மற்றொரு பொருளும் தருமாயின், அது சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரிய செய்தியன்று.

வழக்குச்சொல்லே இங்கு துணைநிற்கிறது. ‘காலை அகட்டி நில்’ என்பது மக்கள் பேச்சு. அகட்டல் என்பதற்கு வெட்டி நீக்கும் பொருள் இல்லை. மூட்டுக்கு அகலல், தசைக்கு அகட்டல். எதிரிணையாக அணைதல், அணைத்தல். காவடியைத் தோளில் தாங்கிக் கையை உயர்த்திப் பிடிப்பவரிடம் தோளின் அகலலையும், கூட்டத்தில் கைகளை விலாவோடு ஒடுக்கி நடப்பவரிடம் அணைதலையும் காணலாம். விரல்களுக்கு நடுக்கோடு உடலின் நடுவன்று: கையில் நடுவிரலும் காலில் இரண்டாம் விரலும் வழியாகச் செல்லும் கோடே அளவுகோல்.

சுழலலும் சுற்றலும்

ஓர் உறுப்பு தன் நெட்டச்சில் திரும்புதல் சுழலல். அண்மைமுனை நிலைத்திருக்கச் சேய்மைமுனை வட்டமிடுதல் சுற்றல். இரண்டனையும் ‘சுழற்சி’ என்றே எழுதும் வழக்கம் கைவிடத்தக்கது. பம்பரம் சுழல்கிறது, செக்குமாடு சுற்றுகிறது. அங்கப்பிரதட்சிணம் செய்பவர் இரண்டையும் ஒருங்கே செய்கிறார்: மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற, மீண்டும் ஒருக்களித்து எனத் தம் நெட்டச்சில் சுழல்கிறார், அவ்வாறு சுழன்றவாறே கோயிலைச் சுற்றுகிறார். மூட்டளவில் சுற்றல் தனியசைவன்று. முன்னெழல், அகலல், பின்னெழல், அணைதல் ஆகியன ஒன்றையடுத்து ஒன்று இயைவதால் விளையும் வட்டம் அது. ஆதலின் முழங்கை போன்ற கீல்மூட்டில் சுற்றல் இல்லை.

கணுக்காலும் கட்டைவிரலும்

கணுக்காலில் மடங்கல் எது, நிமிர்தல் எது என்பது பிறமொழி நூல்களிலும் பூசலுக்குரியதாகவே இருந்தது. குதிகால் உயரப் பாதம் தாழ்தலை வடிவம் நோக்கிச் சிலர் நிமிர்தல் என்பர். தமிழில் அகம், புறம் என்னும் பகுப்பு இதனைத் தீர்க்கிறது. உள்ளங்கை, புறங்கை; உள்ளங்கால், புறங்கால். புறங்கால் பக்கம் வளைதல் புறமடங்கல். உள்ளங்கால் பக்கம் வளைதல் அகமடங்கல். உள்ளங்கால் நடுப்புறம் நோக்கித் திரும்புதல், பக்கப்புறம் நோக்கித் திரும்புதல் என மேலும் இரண்டு உள. இறங்கும்போது படிவிளிம்பு தவறிப் பிசகும் கணுக்காலில் பெரும்பாலும் நிகழ்வது அகமடங்கலோடு கூடிய நடுப்புறத் திரும்பல். கணுவின் பக்கப்புற முன்தசைநாண் முதலில் கிழிவதும் அதனாலேயே. இங்கும் ஒரு திருத்தம் தேவை: தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண், எலும்பை எலும்போடு பிணைப்பது பிணையம். கிழிவது பிணையமே, பேச்சுவழக்கில் அதனையும் நாண் என்கிறோம். ‘கால் பிசகியது’ என வருபவரிடம் உள்ளங்கால் எப்பக்கம் திரும்பியது எனக் கேட்டறிதல் சோதனையில் பாதி.

கட்டைவிரல் பிற விரல்களுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் திரும்பியமைந்தது. ஆகையால் அதன் மடங்கல் உள்ளங்கைக்குக் குறுக்காக நிகழும். அகலல் உள்ளங்கையின் முன்னே மேலெழும். அதன் நுனி பிற விரல்நுனியை எதிர்கொள்ளும் அசைவுக்கு ‘எதிர்கொளல்’ என்று வழங்கலாம். சின்முத்திரையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடுவது அதுவே. திருநீற்றை மூன்று விரலால் எடுத்து நெற்றியில் இழுப்பவர், எடுக்கும்போது எதிர்கொளலையும் இழுக்கும்போது அதனை விட்டு விரல்கள் நிமிர்ந்து நிற்றலையும் காட்டுகிறார். மணிக்கட்டில் நடுநரம்பு நெருக்குண்டவர்க்கு இவ்வசைவுகளுள் எடுத்தலே முதலில் தளரும்.